பதினாறாம் நாள் விழா

அத்தியாயம் 11

போன வாரம் பாண்டுரங்கனுக்காக அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கோபப்பட வேண்டிய வேலை இருக்கிறது.

போன வாரம் படிக்காதவர்களுக்கு நாலு வரி. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊரில் மூன்று ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டு, யார் வம்புதும்புக்கும் போகாமல் இருந்த மனிதர் பாண்டுரங்கன். மோட்டார் கொட்டகையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ஆம்புலன்ஸில், மனைவி ராஜாமணியின் மடியில் உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு எல்லோரும் திரும்பிய பிறகு, ராஜாமணி மகள் இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"பதினாறாம் நாள் விடியக்காலையில என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கினு போய் தாலியைக் கழட்டுவாங்க. வளையலை உடைப்பாங்க. பொட்டை அழிப்பாங்க. எனக்கு அது வேணாம்டீ. அந்த மனுஷன் கட்டினதை வேற எவளும் தொடக் கூடாது. நீதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கறேம்மா" என்று இளவரசி சொன்னாள்.

சொல்லிவிட்டு ஐந்தாம் நாள் விழுப்புரத்துக்குப் போய்விட்டாள். அவள் வேலை பார்ப்பது தனியார் பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர். அரையாண்டுப் பரீட்சைத் தாள் ஒரு கட்டு காத்துக்கொண்டிருந்தது. தம்பி பிரவீன்குமாரிடம் அம்மா சொன்னதைச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் போனில் "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் மேல் எனக்கே கோபம்தான்.

இன்று பதினைந்தாம் நாள்.

காலை பத்து மணிக்கு விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிய பிறகுதான் திறந்தாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி ரோட்டைக் கடந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பதினைந்து அடி உயரத்தில் ஒரு பிளக்ஸ். அதில் அவள் தம்பி வெள்ளைச் சட்டையோடு, கைகூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே கட்சித் தலைவர்கள் வரிசையாக வட்டத்துக்குள் இருந்தார்கள். வலது மூலையில், ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு, அப்பா.

நடுவில் தங்க நிற எழுத்து:

அமரர் பாண்டுரங்கன் அவர்களின்
மாபெரும் படத்திறப்பு விழா
அனைவரும் வருக! வருக!

கீழே, "விழா சிறக்க வாழ்த்தும் நெஞ்சங்கள்" என்று இருபது பேர் பெயர். அதற்கும் கீழே, "இவண்: விழாக் குழுவினர்."

இரண்டு பக்கமும் வாழைமரம், பூரண கும்பம், பன்னீர் தெளிக்கிற பொம்மைப் பெண்கள். எந்த வீட்டு மஞ்சள் நீராட்டுக்கோ போட்ட டிசைன். பெண் குழந்தையின் படத்தை எடுத்துவிட்டு அப்பாவை வைத்திருக்கிறார்கள்.

டீக்கடைக் கண்ணையன் டம்ளரோடு வெளியே வந்தார். "வாம்மா இளவரசி. இப்பத்தான் வர்றியா?"

"இது எப்ப வச்சாங்க மாமா?"

"நேத்து சாயங்காலம். எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. தம்பி சிரிச்சிக்கினு நிக்கிதேன்னு எலெக்சனுக்கு வச்சிருக்குன்னு நெனச்சிக்கினேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பாவோட காரியத்துக்குன்னு அப்பறம்தான் சொன்னாங்க. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிப்பூட்ச்சும்மா."

இளவரசிக்கு அழுகை வரவில்லை. காது மடல் சுட்டது. "தம்பி எங்க மாமா?"

"திண்டிவனம் போயிருக்கு. இன்னும் நாலு பிளக்ஸ் வாங்கணும்னு வண்டி எடுத்துக்கினு போச்சு."

நாலு! அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

•

திண்டிவனத்தில் பிளக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. இளவரசி படியேறியபோது பிரவீன்குமார் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என் போட்டோவை இன்னும் கொஞ்சம் பிரைட் பண்ணு தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்பாவையும் கொஞ்சம் பிரைட் பண்ணச் சொல்லேன்டா. இருக்கறதே தெரியல."

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "அக்கா! நீ நேரா வூட்டுக்குப் போவலியா?"

"கூட்டேரிப்பட்டுல உன்னைப் பாத்தேன். பல்லைக் காட்டிக்கினு நின்ன. அதான் நேர்லயும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். விழான்னு போட்டிருக்கியே, எதுக்குடா விழா?"

"படத்திறப்பு விழாக்கா."

"அப்பா செத்துட்டாருடா."

கடையில் டிசைன் செய்கிற சங்கவி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பாவம், சின்னப் பெண். "அக்கா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. கடை திறப்பு விழா, சிலை திறப்பு விழா. திறப்புன்னு வந்தாலே விழான்னு நாங்களே சேத்துடுவோம். யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"உன்னைச் சொல்லலம்மா. நீ சொல்றதை அடிக்கிற. சொன்னவனைக் கேக்கறேன்." இளவரசி தம்பியைப் பார்த்தாள். "நான் கணக்கு டீச்சர். தமிழ்ப் பண்டிதர் இல்ல. ஆனா விழான்னா இன்னான்னு எனக்குத் தெரியும். காதுகுத்து விழா. புது வூட்டுத் திறப்பு விழா. பொங்கல் விழா. அங்கெல்லாம் புதுத் துணி போட்டுக்கினு போவோம், சிரிப்போம். நாளைக்கு நான் சிரிக்கணுமா?"

"பின்ன இன்னா போடச் சொல்ற? கருமாதின்னா? கருமாதின்னு போட்டா மாவட்டம் வருவாராக்கா?"

மாவட்டம் என்றால் அவன் கட்சியின் மாவட்டச் செயலாளர். பதவியையே பெயராக்கிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். ஒன்றிய கவுன்சிலர் சீட்டு அவர் கையில்தான் இருக்கிறது என்று பிரவீன்குமார் ஒரு வருஷமாக அவர் கார்க் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறான்.

"அப்ப மாவட்டத்துக்காகத்தான்."

"அப்பாவுக்காகவும்தான்!" அவன் குரல் உடைந்தது. "அவரைத் தூக்கிக்கினு போனப்ப எத்தினி பேர் வந்தாங்க? எண்ணி நாப்பது பேர். ஊருல ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் பண்ணாத மனுஷன். வூட்டு வாசல்ல நின்னு எண்ணிக்கினே இருந்தேன்கா. நாப்பது. நாளைக்கு ஐந்நூறு பேர் வந்து அவர் படத்துக்கு முன்னாடி நிக்கணும்னு நெனச்சேன். தப்பா?"

அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பிரவீன்குமார் ஆவானா?

"எல்லாம் பிளான் பண்ணிட்டேன். விடியக்காலை அஞ்சு மணிக்கு ஏரிக்கரையில அம்மாவோட சடங்கை ஜல்தியா முடிச்சிடுவாங்க. பத்து மணிக்கு மாவட்டம் வந்து படத்தைத் திறக்கறாரு. அவர் வர்றப்ப அம்மா மட்டும் ரூம்குள்ள இருந்துட்டாப் போதும். எதுக்க வந்துட்டா நல்லா இருக்காது. எலெக்சன் நேரம் பாரு, அவங்கல்லாம் சகுனம் பாப்பாங்க."

இளவரசி அவன் கையிலிருந்த மாதிரித் தாளைப் பிடுங்கினாள். இரண்டாகக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள்.

"அம்மாவை ரூம்ல போட்டுப் பூட்டிட்டு அப்பாவுக்கு விழாவா? அந்தச் சடங்கே வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. தெரியுமா உனக்கு?"

"யாருகிட்ட சொன்னாங்க?"

"என்கிட்ட."

"எப்ப?"

"மூணாம் நாளே."

பிரவீன்குமார் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பன்னெண்டு நாளா உள்ளயே வச்சிருந்தியா? பந்தல் போட்டு, மாமனுங்களுக்குச் சொல்லி, பச்சம்மா அத்தை பூவுக்கும் வளையலுக்கும் சொல்லி அனுப்பிச்சு, எல்லாம் முடிஞ்சப்பறம் வந்து பேஜாரு பண்ற. நீ மட்டும் ரொம்ப ஒழுங்காக்கா?"

அது சுருக்கென்று குத்தியது. நியாயமான கேள்வி என்பதால் இன்னும் ஆழமாகக் குத்தியது. "வண்டியை எடு. அம்மாவையே கேட்டுடலாம்" என்று மட்டும் சொல்லி இளவரசி படியிறங்கினாள்.

•

வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். அதன் ஒரு ஓரத்தில் மேடை. நடுவில் வெல்வெட் போர்த்திய பெரிய நாற்காலி ஒன்று, மாவட்டத்துக்காக.

உள்ளே கூடத்தில் ராஜாமணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. தலை கொள்ளாத மல்லிகை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் இவ்வளவு வைக்கமாட்டார்கள். நாளைக்குப் பிடுங்குவதற்காக இன்றைக்கு வைத்துவிட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நெஞ்சில் ஈரமே இருந்திருக்காது.

பக்கத்தில் வளையல் தட்டோடு பச்சையம்மாள் அத்தை. பாண்டுரங்கனின் ஒரே தங்கை. இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். இருபது வருஷமாக வெறும் நெற்றி.

"எவடீ சடங்கு வேணாம்னு சொன்னவ?" என்றாள் அத்தை. பிரவீன்குமார் வழியிலேயே போனில் சொல்லியிருக்கிறான்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் ராஜாமணி.



"அம்மா, பந்தலெல்லாம் போட்டாச்சும்மா" என்றான் பிரவீன்குமார். "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போய்…"

"ஊருக்கு இன்னான்னு சொன்ன? நீ அடிச்ச அழைப்புப் பத்திரிகையைக் குடு."

கொடுத்தான். ராஜாமணி ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "படத்… திறப்பு… விழா." திரும்ப ஒருமுறை வாசித்தாள். பிறகு பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"உங்க அக்காவுக்குக் காது குத்தினோமே, அந்த விழாவுல நான் எங்கடா உக்காந்தேன்?"

"முன்னாடிம்மா. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? போட்டோல பாத்திருக்கேன்."

"இந்த வூட்டைக் கட்டித் திறப்பு விழா வச்சோமே. குத்துவிளக்கு ஏத்தினது யாரு?"

"நீதாம்மா."

"நாளைக்கு விழாவுல எனக்கு எங்க எடம்?"

பிரவீன்குமார் தரையைப் பார்த்தான்.

"சொல்லுடா. ரூம்குள்ள. அதானே? முப்பத்தாறு வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டேன். அவரு சாவறப்ப தலை என் மடியில இருந்துது. அவரு படத்தைத் திறக்கறப்ப என் மூஞ்சி மட்டும் ஆவாது?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று இளவரசிக்குத் தோன்றியது. "விழான்னு நானா போட்டேன்? நீ போட்ட. வருக வருகன்னு ஊரையே கூப்பிட்டுட்ட. சரி, விழாவுக்கு எப்படிப் போவாங்களோ அப்படியே வர்றேன். பட்டுப் புடவை கட்டிக்கினு, பூ வச்சிக்கினு, பொட்டோட வந்து மேடையில உக்காருவேன்."

"அம்மா! ஊரு காறித் துப்பும்!"

"துப்பட்டும். இல்ல, இது விழா இல்ல, எங்க அப்பனோட காரியம்னு சொல்றியா? அப்ப மேடையைப் பிரி. அந்த நாற்காலியைத் தூக்கிப் போடு. அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிட்டு, வெறும் தரையில உக்காந்து உங்க அப்பனுக்காக அழு. நானும் பக்கத்துல உக்காந்து அழறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்? பிரவீன்குமார் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான். அவன் முகம் வெளிறியதிலேயே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"குடு" என்றாள் ராஜாமணி.

"அம்மா, வேணாம்மா."

"குடுடா."

வளையல்கள் கலகலவென்று சரிய, போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கங்க தம்பி. நான் பாண்டுரங்கன் வூட்டுக்காரி பேசறேன்… ஆமாங்க… நீங்க வர்றது ரொம்ப சந்தோஷங்க. ஒரு சேதி சொல்லிடறேன். என் வூட்டுக்காரர் படத்தை நான்தான் திறக்கப் போறேன். நீங்க ஒரு மாலை போட்டுட்டு அவரைப் பத்தி நாலு வார்த்தை பேசினீங்கன்னா போதும்… ஆமாங்க, நானேதான்… மேடையிலதான் இருப்பேன். பொட்டோடதான் இருப்பேன். அதுல உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லியே?"

அந்தப் பக்கம் என்ன பதில் என்று யாருக்கும் கேட்கவில்லை. "சரிங்க தம்பி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னா சொன்னாரு?" என்றான் பிரவீன்குமார்.

"யோசிச்சி சொல்றேன்னாரு."

அவன் அப்படியே கதவில் சாய்ந்துகொண்டான். ஒரு வருஷம் ஓடியாடித் திறந்த கார்க் கதவெல்லாம் ஒரே நிமிஷத்தில் மூடிக்கொண்டது போல ஆகிவிட்டது அவனுக்கு. இளவரசி நெஞ்சு நிறைந்துபோய் அம்மாவின் பக்கத்தில் உட்காரப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

தட்டு பறந்து வந்து நடுக்கூடத்தில் விழுந்தது. வளையல்கள் நாலா பக்கமும் உருண்டு உடைந்தன.

பச்சையம்மாள் அத்தை எழுந்து நின்றிருந்தாள்.

"நல்லாப் பேசறீங்க அண்ணி. கேக்கக் கேக்க நல்லா இருக்கு. இந்த வாய் இருவது வருஷத்துக்கு முன்னாடி எங்க போச்சு?"

"பச்சம்மா…"

"இதே வூடு. அந்த ரூம்குள்ள போய்த் தாப்பா போட்டுக்கினு உக்காந்திருந்தேன். ஞாபகம் இருக்கா? கதவைத் தட்டினது யாரு? 'வெளிய வா பச்சம்மா, ஊரு இன்னா சொல்லும், உங்க அண்ணன் மானம் போவுது'ன்னு கூப்பிட்டது யாரு? என் தலை நெறைய பூ வச்சது யாரு கை? விடியக்காலையில ஏரிக்கரைக்கு அனுப்பி வச்சிட்டு, சுமங்கலி பாக்கக் கூடாதுன்னு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கினது யாரு?"

ராஜாமணியின் கை தானாகவே தலையில் இருந்த பூவைத் தொட்டது.

"எனக்கு இருவத்தாறு வயசு அண்ணி. அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு நானும் இதையேதான் சொன்னேன். எனக்கு வேணாம்னு சொன்னேன். உங்களுக்குக் கேக்கலியா?"

வெளியே சாமியானாக்காரன் குழல் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இளவரசி அத்தையைப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து... இல்லை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து இந்த முகத்தைத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு தீபாவளிக்காவது இவளுக்குக் கலர் புடவை எடுப்போம் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. இளவரசியும் சொன்னதில்லை.

"கேட்டுது" என்றாள் ராஜாமணி. உதடு மட்டும்தான் அசைந்தது.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். உடைந்த வளையலைத் தாண்டி வாசல் வரைக்கும் போய், திரும்பினாள்.

"அது போதும். நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் ஏரிக்கரையில நிப்பேன். நீங்க வந்தா உங்க தாலியை நான்தான் கழட்டுவேன், வேற யாரையும் விட மாட்டேன். வரலேன்னா, வந்து மேடையில உக்காருங்க. ஆனா எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க."